வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு திமிங்கிலம்

"நேற்றுத்தான் அக்கா முதன்முதலாத் திமிங்கிலம் பார்த்தனான்" என்றாள் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண். துறைமுகப் பக்கமிருந்து உப்புவெளிக்குப் போகும் பஸ். அவளும் பக்கத்தில் இருந்த மூத்தவளும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார்கள்.

"உன்ர மனுசன் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் காட்ட ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போனவர்தானே. உன்னை ஒருக்காலும் ஏத்தேல்லையோ?"

"முந்தி எனக்கு எங்க இடம்? கொரோனாவுக்குப் பிறகு படகு முழுக்க இடம்தான். ஒருத்தரும் வாறேல்லை. இப்ப படகை இறக்கக்கண்டி ஊரில ஒருத்தருக்குக் குடுத்திட்டு, வெள்ளிக்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போறார். கடைசியா ஒருக்கா வா எண்டார்."

"திமிங்கிலம் வந்துதோ?"

"வந்துது. எஞ்சினை நிப்பாட்டினார். பக்கத்தில கடலே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இவர் எழும்பி நிண்டு எல்லாம் விளங்கப்படுத்தினார், இங்கிலிசில."

"உனக்கு இங்கிலிசிலயோ?" மூத்தவள் சிரித்தாள்.

"தமிழில சொல்லுங்கோ எண்டனான். தமிழில ஒருநாளும் சொல்லிப் பழக்கமில்லையாம்."

பஸ் கடலோரம் திரும்பியது. யன்னல்களெல்லாம் நீலமாயின. நான் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது, எழும்பாமல் இருந்துகொண்டேன்.

"போக வேண்டாம் எண்டு சொல்லன், பிள்ளை."

"அதைச் சொல்லத்தான் அக்கா படகில ஏறினனான்."

"சொன்னியோ?"

"திமிங்கிலம் வாலைத் தூக்கிப்போட்டுத் தண்ணிக்குள்ள தாண்டு போச்சு. இவர் அந்தத் தண்ணியையே பார்த்துக்கொண்டு நிண்டார். நான் அவற்ற சேட்டு நுனியைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்திட்டன்."