எண்ணெய் வைக்காத தோல்

உங்கள் தோலிலிருந்து ஈரல் செய்யலாம் என்றால் நம்புவீங்களா பாஸ்? தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். மடியில் எண்ணெய் பாட்டில்.

“ஏட்டி, இன்னைக்கு எண்ணெ தேச்சு அருவில குளிச்சா, நீ லேபுக்கு எடுக்கப்போற தோலு கெட்டுராதுல்லா?”

நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“ஒன் தோல எடுக்கேன்னு யாருண்ணே சொன்னா?”

“நீதானட்டி சொன்ன, எங்க லேபுல தோலுல இருந்து ஈரல் செல் செய்யுதோம்னு. அதுக்குத்தான இத்தன நாளா சொட்டு எண்ணெ வைக்கல.”

தங்கை சிரிக்கவில்லை.

“எல்லா செல்லுலயும் அதே ஜீன்தாண்ணே. தோலுல ஈரலுக்கான ஜீன் பூட்டிக் கெடக்கும். தோல ஸ்டெம் செல்லா மாத்தி, சரியான சிக்னல வரிசையா குடுத்தா அதெல்லாம் ஒவ்வொண்ணா ஆன் ஆவுது.”

“பொறவு என்னட்டி?”

“முழுசா ஆன் ஆவலண்ணே. வயித்துப்பிள்ள ஈரல் மாதிரி பாதியிலயே நிக்குது. ஒனக்கு வைக்க இன்னும் வழியில்ல.”

“அப்ப எனக்கு?”

“என் ஈரல்ல ஒரு துண்டு. டெஸ்ட் எடுத்துட்டேன், சேருதுன்னுட்டாங்க. ரெண்டு பேருக்கும் வளந்துரும்.”

அண்ணன் எண்ணெய் பாட்டிலைப் பைக்குள் வைத்தார்.

“ஒம்மேல கத்தி படக்கூடாதுன்னுதானட்டி என் தோலப் பாத்துப் பாத்து வச்சிருந்தேன்.”

பஸ் இப்போது குற்றாலத்தில் நிற்கிறது. அவர்கள் இருவரும் இன்னும் இறங்கவில்லை.