குடைக்கடை டீச்சரும் என் பொறாமையும்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, எங்கள் பயிற்சி நிலையத்தின் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் மறைந்த குடைக்கடை டீச்சரைப் புகழ்ந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்துப் பேசினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

அடுத்தடுத்த வகுப்பறைகளில் நாங்கள் நடத்தியது ஒரே பாடம்: பன்முகத் தரவு ஆய்வு. ஒரே விற்பனைக் கணக்கை மாதவாரியாக, ஊர்வாரியாக, பொருள்வாரியாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வித்தை. அதைப் பழக ஒரு மாதிரித் தரவுத்தளம் வேண்டும். நான் ஒரு மளிகை மொத்த வியாபாரத்தைக் கற்பனை செய்தேன். சீரான விற்பனை, ஒரு பிழை கிடையாது. அவர் கற்பனை செய்தது ஒரு குடைக்கடை.

மழைக்காலத்தில் குடை விற்கும், சரி. வெயில் கொளுத்தும்போது, ஒரே ஓர் ஊரில், சின்னக் குடை மட்டும் ஏன் விற்றுத் தீர்கிறது? மாணவர்கள் மாதத்தைப் பிரிப்பார்கள், வாங்கியவர் வயதைப் பிரிப்பார்கள். கடைசியில் பார்த்தால், அங்கே புதுப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம், என் வகுப்பில், கொட்டாவி. வயிறு எரியாதா?

அவர் மருத்துவமனையில் சேர்ந்ததும் அவருடைய வகுப்பு என்னிடம் வந்தது. வந்தது வாய்ப்பு என்று என் மளிகைக் கணக்கைக் கணினிகளில் நிறுவப் போனேன். ஒரு மாணவி கைதூக்கினாள்.

"சார், குடைக்கடையே போடுங்க சார். பாதியில நிக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கணினிகளிலும் குடைக்கடையை நிறுவினேன். அப்போதுதான் கவனித்தேன்: மலையடிவாரக் கிளையில் வருடா வருடம் நஷ்டம். மாட்டினார் டீச்சர் என்று உடனே போன் செய்தேன்.

"அந்தக் கிளையை எதுக்கு டீச்சர் இன்னும் வச்சிருக்கீங்க?"

"பசங்களுக்கு நஷ்டம்னா என்னன்னு காட்டத்தான் வச்சேன். அப்புறம் மூடலாம்னா மனசு வரல சார்."

"மனசா? கடையே கற்பனைதானே?"

"அங்க விக்கிறவர் வயசைப் பாருங்க சார். இனிமே அவருக்கு யார் வேலை குடுப்பா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இல்லாத கடையில் இல்லாத ஒரு மனிதருக்காகக் கவலைப்பட அவரால் முடிந்தது. போனை வைத்தபோது என் பொறாமை கூடியிருந்தது. நாங்கள் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

ஆண்டுதோறும் புதிய ஓராண்டு விற்பனையைச் சேர்ப்பது டீச்சரின் வழக்கம். இனி அது என் பொறுப்பு என்று முதல்வர் சொல்லிவிட்டார். நேற்று உட்கார்ந்தேன். எங்கே மழை பெய்யட்டும், யார் குடை வாங்கட்டும்? ஒன்றும் ஓடவில்லை. டீச்சரின் கணவரிடமே கேட்டேன்.

"இதையெல்லாம் எப்படிங்க யோசிப்பாங்க?"

"பஸ் ஸ்டாப்புல நின்னு ஜனங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பா சார். அதுல வர்ற பஸ்ஸைக்கூட விட்டுடுவா."

அன்பர்களே, குடைக்கடை நிற்காது. இந்த அவையில் உறுதி சொல்கிறேன். நாளையிலிருந்து நானும் அதே நிறுத்தத்தில் நிற்பேன். பஸ் போனால் போகட்டும். அவர் கண்ணில் பட்டது ஒருநாளாவது என் கண்ணிலும் படாமலா போய்விடும்?