ஒன்பதாம் நம்பர் மலையில் நான் சொன்ன குயிக்

தலைமை தாங்கும் தர்மலிங்கம் ஐயா அவர்களே, அருகமர்ந்த பெரியவர்களே, நனைந்த கம்பளியோடு வந்து குந்தியிருக்கும் தாய்மார்களே, ஹாலிஎலையிலிருந்து பெஞ்சும் மைக்செட்டும் அனுப்பிய ஷுக்ரி முதலாளி அவர்களே, எல்லாருக்கும் என் கும்பிடு.

இன்று நாம் கூடி நினைக்கும் அந்த நாளின் வருடத்தை இலக்கத்தில் சொல்ல எனக்கு எழுத்து தெரியாது. கடல் எழும்பிக் கரையூர்களை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த கார்த்திகை. ஜனாதிபதித் தேர்தல் போஸ்டர் மழையில் ஊறி லயத்துச் சுவரில் வழிந்த மாதம்.

மைக்காரத் தம்பி கையைச் சுழற்றுகிறார், குயிக்காக முடிக்கச் சொல்லி. முடிக்கிறேன் தம்பி. அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தாய்மார்களே, அகரம் அறியாத நமக்கு அத்துப்படியான வெள்ளைக்காரச் சொல் அது ஒன்றுதானே? விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் குயிக் என்றால், பால் குடிக்கும் பிள்ளையை இறக்கு. மலையில் குயிக் என்றால், விரல் வெடித்தாலும் கொழுந்தைக் கிள்ளு. நிறுவையில் குயிக் என்றால், கேள்வி கேட்காதே. ஆஸ்பத்திரி வாசலில் நாம் குயிக் என்றால் மட்டும், இரு, பார்ப்போம். சிரிக்கிறீர்கள். சிரிங்க. முப்பது வருடம் கங்காணியாக இருந்த என் வாயில் குடியிருந்த சொல் அது.

அன்று ஒன்பதாம் நம்பர் மலை. மூன்று நாள் விடாத மழை. தேயிலையின் மேல் நிரையில் ஐந்து பெண்கள். மழைத்தண்ணீர் வடியும் கானில் ஓட்டம் சிவந்தது. பிறகு சட்டென்று நின்றது. மலை சரியப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீழிருந்து கத்தினேன். அவர்கள் முதுகில் முழுக்கூடை, நெற்றியில் கயிறு, காலடியில் சேறு.

பூவம்மா கேட்டாள்: "கங்காணி, கொழுந்தப் போட்டுட்டு வந்தா முழுப்பேர் உண்டா?"

நிறுக்காத கொழுந்துக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அது வழக்கம். வழக்கத்தை மீற எனக்கு வாய் வரவில்லை. "கொழுந்தோட வாங்க, குயிக்" என்றேன்.

ஐயா, அன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? சாவு என்று பொருள்.

பெரியாயி ஒருத்திதான் கூடையை உதறினாள். உதறியவள் கீழே ஓடி வந்தாளா? இல்லை. பின்னால் திரும்பினாள். பூவம்மாவின் நெற்றிக் கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். அங்கம்மாவின் கயிற்றையும் பிடுங்கினாள். "பேரு கெடக்கட்டும்டி, ஆளு போய்ச் சேரு" என்று இருவரையும் தள்ளிவிட்டாள். மற்ற இருவரிடம் போய்ச் சேருமுன் மலை இறங்கியது.

மூன்றாம் நாள் மண்ணை எடுத்தோம். மருதாயி நெற்றியில் கயிறு. செல்லக்கண்ணு நெற்றியில் கயிறு. பெரியாயி நெற்றியில் பச்சை குத்திய பொட்டு மட்டும்.

இந்த மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் கூடையை மலையிலேயே விட்டு இறங்கலாம், முழுப்பேர் வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்கும் கடிதம். கைநாட்டு வைத்தால் வேலை போகுமோ என்று காலையிலிருந்து லயத்தில் ஒரே குசுகுசுப்பு. போகலாம். ஆனால் இந்தக் கார்த்திகை நமக்காகக் காத்திருக்குமா? அந்த மலை காத்திருக்குமா?

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. இருப்பவர்களுக்கும் மண்ணில் இருப்பவர்களுக்கும் வணக்கம். நானும் கைநாட்டுக்காரன்தான், ஆனால் முதல் ரேகை என்னுடையதாக இருக்கக் கூடாது. அங்கம்மா போன தையில் கண்ணை மூடினார். அந்த நிரையில் மிஞ்சியவர் ஒருவர்தான். முன்வரிசையில் இருக்கிறார். மெதுவாகவே வரட்டும், யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

வாங்க, பூவம்மா.