ஏலத்தில் போன பொம்மை வீடு

ஊசி போட்டால் வலி தெரியாத கை என்று ஆம்பூரில் எனக்கு ஒரு பெயர் உண்டு, இன்ஸ்பெக்டர் சார். சின்னப் பிள்ளைகள்கூட என்னிடம் அடம்பிடிப்பதில்லை. ரோஸுக்கும் வலித்திருக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொம்மை வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது என்னுடையது. வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் பங்களாவில் என் அம்மா ஜெயசீலி சமையல் செய்தாள். எழுபத்திரண்டில் டாக்டரம்மா தன் தேசத்துக்குத் திரும்பியபோது, அவர் மகள் விளையாடிய வீட்டை என் கையில் கொடுத்தார். முன்சுவரை அலமாரிக் கதவுபோலத் திறக்கலாம். உள்ளே மாடிப்படி, இரும்புக் கட்டில், கட்டைவிரல் அளவில் பீங்கான் தொட்டி. நாங்கள் இருந்தது பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில். தினமும் விரலால் படியேறிப் போய் அந்த மாடியறையில்தான் நான் தூங்கினேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் படிகள்தான் வருகின்றன.

அந்த வருடமே எனக்கு டைபாய்டு வந்து பிழைத்தேன். அம்மா அந்த வீட்டை நன்றிக் காணிக்கையாக எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு நடக்கும் ஏலத்துக்குக் கொடுத்தாள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. கொடுத்தவரே தன் பொருளை ஏலம் கேட்டால் எங்கள் சபையில் வேறு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பணம் கோயிலுக்குப் போகும், பொருள் வீட்டுக்குத் திரும்பும். அம்மா கேட்டாள். சுந்தர்ராஜ் என்பவர் மேலே கேட்டார். தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வேலூருக்குப் புதிதாக வந்தவர், வழக்கம் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் ஏற்றினார். அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

வீடு அவர் மகள் ரோஸுக்குப் போயிற்று. ரோஸ் என் வகுப்புதான். ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி, அவள் செத்துப் பிழைத்தது பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

நான் நர்சாகி, எண்பத்தேழில் ஆம்பூர் கிளினிக் ஒன்றில் சேர்ந்தேன். ரோஸும் கல்யாணமாகி அங்கேதான் இருந்தாள். ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் பக்கத்தில் என் வீடு இருந்தது. அதன் சமையலறையில் நூல்கண்டுகளைத் திணித்திருந்தாள். கட்டிலை எடுத்துவிட்டு மாடியறையில் பசை டப்பா வைத்திருந்தாள்.

"இன்னாடி ரோஸ் இது?"

"பொட்டி மாதிரி வசதியா இருக்குது. பாப்பாவும் வெளையாடுது."

"எனக்குக் குடுத்துடேன். இன்னா வெலை சொன்னாலும் தர்றேன்."

"போடி. எங்கப்பா ஏலத்துல எடுத்தது, எவளுக்கும் தரமாட்டேன்." விளையாட்டாகத்தான் சொன்னாள்.

கொஞ்ச நாளில் மெஷின் ஊசி ஏறி அவள் விரல் சீழ் பிடித்தது. என்னைத்தான் கூப்பிட்டனுப்பினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"பென்சிலின் எனக்கு ஆவாது, ஞாபகம் இருக்குதில்ல?" என்றாள்.

"தெரியும்டி. இது வேற."

பென்சிலின்தான். தெரிந்தேதான் போட்டேன். மூச்சு அடங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தனியாக விடவில்லை. பிறகு நூல்கண்டுகளை வெளியே எடுத்து மெஷின்மேல் அடுக்கிவிட்டு, வீட்டைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தேன். கட்டில் மட்டும் கிடைக்கவில்லை. அவள் புருஷன் சாந்தகுமாரிடம் கேட்டால் தெரியலாம்.

நேற்றுவரை ரோஸின் மகள் பள்ளி விட்டதும் என் அறைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் போய்ச் சொல்லித்தான் சாந்தகுமாருக்கு வீடு என்னிடம் இருப்பது தெரிந்ததாம். தாயில்லாப் பிள்ளை, பாவம். பக்கத்தில் உட்காரவைத்து வீட்டைத் திறந்து காட்டினேன். தொடவிடவில்லை, பிள்ளைகள் உடைத்துவிடும். அவள் கேட்டு அழுதாள். அப்போதும் நான் ஒரு அதட்டல் போடவில்லை. எனக்குக் கெட்ட மனசு இருந்தால் அந்தப் பிள்ளையை என் அறைக்குள் சேர்த்திருப்பேனா, சார்?