மதகுக் கம்பியை முறுக்க ஒரு கை

தலைமையேற்று வீற்றிருக்கும் மேர், நம் கொம்யூன் தலைவர் சாமிநாதனார் அவர்களே! கேட்டவுடன் கம்பிச் சுருளை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் உதுமான் சாயபு அவர்களே! பாகூர் ஏரிப் பாசனத்துப் பெரியோர்களே! ஈரச் சேலையோடு வந்து நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முழங்கிப் பேச வேண்டியவன் நடுங்கிப் பேசுகிறேன். ஏரி ததும்புகிறது. மதகுக் கதவைத் தூக்கும் சங்கிலி அறுந்து கிடக்கிறது. கதவு திறக்காவிட்டால் கரை நிற்குமா? கரை நிற்காவிட்டால் நட்ட நெல் நிற்குமா? நாம் குடியிருக்கும் வீடு நிற்குமா?

காலையில் என்ன செய்தோம்? அறுந்த சங்கிலிக்குப் பதிலாகக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கினோம். தேர்வடம் தொடுவதுபோல், அதற்கும் தெருவுக்கு ஒரு கை வேண்டும் என்றோம்! கீழத்தெரு இறுக்கியது, மேலத்தெரு தளர விட்டது. இறுகிய இழை சுமையெல்லாம் சுமந்தது. தளர்ந்த இழை வேடிக்கை பார்த்தது. இழுத்தோம், அறுந்தது! கழுத்தளவு நீரில் நின்ற என் தம்பி தங்கவேலுக்கு ஒரு முழம் தள்ளிக் கதவு விழுந்தது. அடுத்த கம்பியைக் கதவில் மாட்ட அவன் மறுபடியும் இறங்கியிருக்கிறான், ஐயா.

அதோ, புளியமரத்தடியில் வண்டிப்பட்டறை நாகராஜனைப் பாருங்கள். புதுக் கம்பிகளின் ஒரு முனையை மரத்தில் கட்டிவிட்டார். மறுமுனையைக் கொக்கியில் மாட்டி, அந்தக் கொக்கியை, மரத்தில் துளை போடும் கைத்துரப்பணத்தின் வாயில் பூட்டிவிட்டார். விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றுகிறார். ஒரே இழுப்பு, ஒரே சுற்று. எல்லா இழைகளும் ஒன்றுபோல் இறுகுகின்றன.

யாரங்கே குரல்?

"எங்க தெரு கை படலன்னா அது இன்னா கம்பிபா?"

அண்ணே, உங்கள் தெருவின் மானம் பெரிதா, என் தம்பியின் உயிர் பெரிதா? முன்வரிசையில் இருக்கிறாளே அவன் மனைவி அமுதம், அவள் சற்றுமுன் கேட்டாள்: "மாமா, இந்தக் கம்பியாச்சும் நிக்குமா?" எனக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடுதான் மேடை ஏறினேன்.

இதோ, நாகராஜன் கை காட்டிவிட்டார்! கம்பி தயார்! முறுக்க ஒரு கை போதும், தோழர்களே. இழுக்க எல்லாத் தெருவும் வேண்டும்! முன்னே யார், பின்னே யார் என்று கேட்காதீர்கள். ஒருவன் இறுக்கி, ஒருவன் தளர்த்தினால் கம்பி மீண்டும் அறுந்துபோகும்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. வணக்கம் சொல்லக் கூப்பிய கைகளைக் கீழே போடாதீர்கள். அப்படியே கம்பிக்குக் கொண்டு வாருங்கள். என் தம்பி தண்ணீரில் நிற்கிறான்.