பந்தியில் யாரும் தொடாத தட்டு

பந்தி என்றால் பதவியை மறக்கும் எங்கள் பாசமிகு தலைவர், அண்ணன் சிவசங்கரன் அவர்களே! அடுப்பையும் அவையையும் ஒருசேர ஆளும் அன்னை சுந்தராம்பாள் அவர்களே! ஜெபல் அலியில் டியூட்டி முடித்து, குளித்த ஈரம் காயாமல் பஸ் ஏறி வந்திருக்கும் என் தோள்வலி மிக்க தோழர்களே! தாய்மார்களே! ஆங்கிலத்தில் சண்டை போட்டுத் தமிழில் சாப்பிடும் செல்லப் பிள்ளைகளே! புஜைராவின் பழைய கோட்டை நிழலில் நின்று உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஒரு மாதமாக ஊரெல்லாம் ஒரே பேச்சு. என்ன பேச்சு? "தமிழ்ச் சங்கத்துக்காரங்க கண்காட்சியையே தின்னுட்டாங்களாம்!" ஆம், தின்றோம்! யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, நீங்களும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டவர்தானே! நான் மறைக்க வரவில்லை, மார்தட்டிச் சொல்ல வந்திருக்கிறேன்.

மெக்சிகோ நாட்டுக் கலைஞர் லூசியா, இந்தப் பழைய ஊரின் மண்வீட்டில் தம் படைப்புகளை வைத்தார். சுவர் முழுக்க வண்ணம், கூரை முழுக்கக் காகிதத் தோரணம், முற்றத்திலோ தேய்ந்த சேஃப்டி ஷூக்களை அடுக்கிய மலை! திறப்பு நாளுக்கு நம்மையும் அழைத்தார்கள். அழைப்பில் என்ன இருந்தது? கண்காட்சி, அதன்பின் மெக்சிகோ விருந்து. கலைக்குக் கண்ணைக் கொடுப்போம், விருந்துக்கு வயிற்றையே கொடுப்போமல்லவா நாம்!

உள்ளறையில் ஒரு நீண்ட மேஜை. சோளமாவைத் தோகையில் பொதிந்து ஆவியில் அவித்த தமாலே, மிளகாயோடு சாக்லேட்டும் அரைத்த மோலே குழம்பு, தட்டுத் தட்டாக ஆவி பறக்கிறது. பரிமாறிய தட்டைப் பார்த்துத் தமிழன் நிற்பானா? தலைவர் உட்காராமல் பந்தி தொடங்காது என்பது நம் முறை. தலைவர் உட்கார்ந்தார்.

"யல்லா, உக்காருங்கப்பா, ஆறிடப் போவுது! அட, வத்தக்குழம்புல யாருய்யா சாக்லேட் போட்டது? நல்லாத்தான் இருக்கு!"

ஜெபல் அலியிலிருந்து வந்த நம் நாகலிங்கம் இடம் தேடி, மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலியை இழுத்தார். சுந்தராம்பாள் அம்மா தடுத்தார்.

"அங்க உக்காராத ராசா. செண்டுமல்லி போட்டு, தண்ணி வெச்சிருக்கு பாரு. போனவங்க யாருக்கோ படைச்சிருக்காங்க. கும்பிட்டுட்டு இந்தப் பக்கம் வா."

படைத்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடாமல் எழலாமா? எல்லோரும் கும்பிட்டோம். எல்லோரும் சாப்பிட்டோம்.

அப்போதுதான் கண்காட்சி மேலாளர் ஓடி வந்தார். "பாய், மாஃபி ஈட்டிங், சாப்பிடக் கூடாது! இது ஆர்ட்! கலாஸ், எல்லாம் போச்சு!" விருந்து எதிர்ப்பக்கத்து அறையில் இருந்ததாம், நாங்கள் உண்டது படைப்பையாம்! விருந்தினர்கள் வாசலில் வந்துகொண்டிருக்க, அந்தப் பெண்ணின் உழைப்பு எங்கள் எச்சில் தட்டாகக் கிடந்தது. ஐயோ, சங்கத்தின் மானம் போயிற்றே!

லூசியா வந்தார். காலித் தட்டுகளைப் பார்த்தார். அந்த ஒரு தட்டையும் பார்த்தார். "இதை ஏன் தொடவில்லை? இது யாருடைய தட்டு என்று சுவர்ப் பலகையில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எதுக்கும்மா படிக்கணும்? பூவப் பாத்தாத் தெரியாதா?" என்றார் சுந்தராம்பாள் அம்மா.

லூசியா அழுதார். கட்டட வேலைக்கு அயல்நாடு போய் உயிரோடு திரும்பாத அவருடைய அண்ணன் மத்தேயோவின் தட்டு அது. "எத்தனையோ ஊர்களில் இந்த மேஜையைப் போட்டேன். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒருவரும் என் அண்ணன் பக்கத்தில் உட்காரவில்லை. இன்றுதான் அவன் துணையோடு சாப்பிட்டான்" என்றார்.

'தொடாதீர்கள்' என்றும் எழுதியிருந்த அந்தப் பலகையை அன்றே கழற்றச் சொன்னார். அன்று முதல் மாலைதோறும் அங்கே பந்தி! அரபு நாட்டார் அமர்ந்தார், வங்காளத்தார் அமர்ந்தார், பிலிப்பைன்ஸ் செவிலியர் அமர்ந்தார். கலைக்கூடத்துக்கே பந்தி வைத்த கூட்டம் எது? நம் கூட்டம்! யாரையும் தனியாக உண்ண விடாத இனம் எது? நம் இனம்! இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இன்று கடைசி நாள். காலையில் நாகலிங்கம் லூசியாவிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, என் ரூம்ல மணிமாறன்னு ஒருத்தன் இருந்தான். லீவுக்குப் பெட்டி கட்டி வெச்சான். பெட்டி போறதுக்கு முன்னாடி அவன் போய்ட்டான். அவனுக்கும் ஒரு தட்டு வைக்கலாமா?"

லூசியா தம் கையால் தமாலே வைத்தார். சுந்தராம்பாள் அம்மா சோறிட்டுக் குழம்பு ஊற்றினார். மேஜையின் தலைப்பக்கம் இன்று இரண்டு தட்டுகள்: மத்தேயோ, மணிமாறன்.

இடம் தந்த ஊருக்கும், இதயம் தந்த லூசியாவுக்கும், இவ்வளவு நேரம் பசி பொறுத்த உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். பேசியது போதும். அண்ணன் சிவசங்கரன் அவர்களே, எழுந்து வாருங்கள். இருவரும் காத்திருக்கிறார்கள், நீங்கள் உட்கார்ந்தால்தான் பந்தி.