ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதவள்

தலைமைப் பொறுப்பேற்று வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, என்னோடு மண் பிசைந்து, மழலை வளர்த்து, மாடாய் உழைத்த மாதரசிகளே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் செங்கல்நெஞ்சுக்காரியின் வணக்கம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அந்தப் பட்டத்தை எனக்குச் சூட்டியதே நீங்கள்தானே! இந்தச் செங்கல் சூளைக்கு இன்று ஒரு பாலூட்டும் அறை வந்திருக்கிறது. அதன் கதவை நான்தான் திறக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர்களும் நீங்கள்தான்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஒலிபெருக்கியிலேயே சொல்கிறேன், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்! என் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் தெரிந்தது. நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாத்திரையை ஒரு நாளும் விடாதம்மா. பிள்ளைக்கும் நாங்க தர்ற மருந்தைக் கொடு. ஆறு மாசம் உன் பால் மட்டும்தான். தண்ணிகூட வேணாம். கண்டதையும் கலந்தா பிஞ்சுக் குடல் புண்ணாகும், பால்ல இருக்கிற கிருமி உள்ள போக வழி கிடைச்சிரும்."

கேட்க எளிது. சூளையில் நடக்குமா? ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் வெயில், நடுவே கொட்டகைத் தூளியில் என் குழந்தை! அது அழுதால் போதும், ஆளுக்கொரு தம்ளரோடு ஓடி வருவீர்களே! "ஏண்டி, பச்சப்புள்ளைக்கு நாக்கு வறண்டு கிடக்கு. ஒரு சொட்டு விட்டா குறைஞ்சா போயிருவ?" என்பீர்களே! காரணத்தை நான் எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது. வெளியே தெரிந்தால் வேலை நிலைக்குமா? வீடு நிலைக்குமா? ஊர் வாய் சும்மா இருக்குமா? வாயை மூடிக்கொண்டு உங்கள் தம்ளரைத் தட்டிவிட்டேன். செங்கல்நெஞ்சுக்காரி என்று பட்டம் வைத்தீர்கள். அதோ, நாலாவது வரிசையில் தலை குனிகிற அக்கா, நிமிர்ந்து உட்காருங்கள்! ஆசையில்தானே கொண்டு வந்தீர்கள்!

ஒரு நண்பகல். என் நாத்தனார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கரண்டித் தண்ணீரை அதன் உதட்டருகே கொண்டு போய்விட்டாள். நான் தலையில் கல்லோடு தூரத்தில் நிற்கிறேன். ஓடினாலும் எட்டாது. கத்தினேன்! "கொடுக்காத! எனக்கு எச்.ஐ.வி. இருக்கு! தண்ணி சேர்ந்தா என் புள்ளைக்கும் வந்துரலாம்!"

என் நாத்தனார் கை அப்படியே நின்றது. அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தண்ணீரைத் தானே மடக்கென்று குடித்தாள்! "வாங்க அண்ணி, பால் கொடுங்க. கல்லை நான் தூக்குறேன்" என்று என் சுமையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள்.

கை தட்டுகிறீர்களா? அவளுக்கே தட்டுங்கள்! ஒதுங்கிப் போனவர்களும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து என் கல்லை முறை வைத்துச் சுமந்தது யார்? நீங்கள்! தம்ளரோடு வந்தவர்களை விரட்டியது யார்? அதே தம்ளர்க்காரிகள்! "வேலைக்கு வந்தாளா, தாலாட்ட வந்தாளா?" என்று மேஸ்திரி முறைத்தபோது, "கல்லு வந்து சேர்ந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன, போய் வேலையைப் பாரும்!" என்று அவர் வாயை அடைத்தது யார்? மேஸ்திரி அண்ணே, சிரிக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன்!

என் மகள் பால் மறந்தபின் கடைசிப் பரிசோதனை. நர்ஸம்மா வாய் திறப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "உன் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா!" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். என் பாலில் வளர்ந்தாள் என் மகள்! உங்கள் தோளில் வளர்ந்தாள் என் மகள்! இதைவிடப் பெருமை எனக்கு என்ன வேண்டும்?

பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. அடடே, படியேறி வருவது யார்? என் மகளேதான்! கையில் என்னடா கண்ணு?

"தண்ணிம்மா. குடி."

பார்த்தீர்களா பெருமக்களே! ஒரு சொட்டும் கொடுக்காத தாய்க்கு ஒரு தம்ளர் நிறையக் கொண்டு வந்திருக்கிறாள்! குடித்துவிட்டு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே கதவைத் திறக்கிறோம். சுமந்த தலைகளுக்கெல்லாம் என் நன்றி. வணக்கம்!